தள்ளிப்போகும் நாட்கள்

கர்ப்பத்தின் வயதை மருத்துவர்கள் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது படித்தவர்களிலும் பலருக்குத் தெரியாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அன்று கரு என்று ஒன்று கிடையாது. ஆனாலும் கணக்கு அங்கேதான் ஆரம்பம். ஆகவே மாதாமாதம் ஒழுங்காக வரும் பெண்ணுக்குக்கூட, நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகும்போது ஏட்டில் ஐந்து வாரக் கர்ப்பம். மருந்துக் கடையில் பரிசோதனை அட்டை வாங்கி, இரண்டு கோடு தெரிந்து, வீட்டில் யாரிடம் முதலில் வாய் திறப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் ஆறாகிவிடும். மாத்திரை கொண்டு கலைக்க இந்திய விதிகள் தரும் எல்லை ஒன்பது வாரம். அவள் கையில் மிஞ்சுவது மூன்று வாரம். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவளுக்கும், பால் கொடுத்துக்கொண்டிருப்பவளுக்கும், விவரம் தெரியாத பதினைந்து வயதுச் சிறுமிக்கும் அந்த மூன்று வாரமும் இல்லை.

கருக்கலைப்பு பாவமா, உரிமையா என்று கேட்டால் நம்மில் ஒவ்வொருவரிடமும் பதில் தயாராக இருக்கிறது. எத்தனையாவது வாரத்தில் என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. ஏழாவது வாரத்தில் கருவின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இருபத்தாறாவது வாரத்தில் அது வெளியே வந்தால் தீவிர சிகிச்சையில் வைத்துப் பிழைக்க வைக்கக்கூடிய குழந்தை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்கள் இரண்டு கட்சியிலும் உண்டு. என்னால் அப்படி வைக்க முடியவில்லை. வாரங்கள் ஏற ஏற அந்தச் செயலின் பாரமும் ஏறுகிறது என்றே நினைக்கிறேன். அப்படி ஒப்புக்கொண்டவனுக்கு இன்னொரு பொறுப்பும் வந்து சேர்கிறது. அந்தப் பெண் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாள், அவளுடைய வாரங்களைத் தின்றது யார் என்றும் அவன் விசாரித்தாக வேண்டும்.

முதலில் தின்பது வீடு. நாள் தள்ளிப்போன செய்தி பரிசோதனைக்குப் போவதற்கு முன் அடுப்படிக்குப் போகிறது. பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளும் கருப்பட்டியும் இடித்த உருண்டை. இவற்றை நம்பி இரண்டு வாரம் ஓடுகிறது. கரு இவற்றால் கலைவதில்லை. தானாகக் கலையவிருந்தது கலைந்தால் பெயர் எள்ளுக்குப் போய்ச் சேரும். தலைமுறைகளுக்கு முன் இதற்கு அடுத்த படி எருக்கங்குச்சி. அதைச் செருகிச் சீழ் பிடித்துச் செத்த பெண்களுக்குக் காய்ச்சல் கண்டு போனதாகத்தான் ஊரில் பேச்சு இருக்கும். எங்கள் பக்கத்துப் பாட்டிமார் இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தும் இடம் ஒன்று உண்டு. அது எதைக் குறித்தது என்பது எனக்கு வெகு காலம் புரியவில்லை.

அந்தச் சாவுகள்தான் சட்டத்தை அசைத்தன. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தாலொழியக் கருவைக் கலைப்பது குற்றம். கலைத்துவிட்டவருக்கு மட்டுமல்லாமல், தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை உண்டு. 1964இல் மராட்டிய மாநிலத்தின் சாந்திலால் ஷா தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 1966இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தில் புகழ்பெற்ற தீர்ப்பைத் தந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். அங்கே அரை நூற்றாண்டு தெருச்சண்டை நடந்து, 2022இல் அந்தத் தீர்ப்பே புரட்டிப் போடப்பட்டது. இங்கே சத்தமில்லாமல் காரியம் முடிந்தது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதுண்டு. சத்தமில்லாமல் முடிந்ததற்குக் காரணம், அன்று யாரும் பெண்ணின் உரிமையைப் பற்றிப் பேசவில்லை என்பதே. மக்கள் தொகை பெருகுகிறதே என்ற கவலையும் தாய்மார் சாகிறார்களே என்ற கவலையும்தான் சட்டத்தைக் கொண்டுவந்தன. பெரியார் பல ஆண்டுகளுக்கு முன்பே கர்ப்பத்தடை பற்றி எழுதியபோது இந்த இடத்தைத்தான் தொட்டார். மற்றவர்கள் உடல்நலம், வறுமை, நாட்டுப் பொருளாதாரம் என்று காரணம் சொல்லும்போது, தமக்குக் காரணம் பெண்ணின் விடுதலை என்றார். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ‘மற்றவர்கள்’ பக்கம் நின்று எழுதப்பட்டது. அதனால்தான் இன்றும் அந்தச் சட்டத்தில் முடிவெடுப்பவர் பெண் இல்லை. ‘நல்லெண்ணத்தோடு கருத்துக் கொள்ளும்’ பதிவு பெற்ற மருத்துவர்.

2021இல் திருத்தப்பட்ட பிறகு நிலைமை இது. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதுவும் விதிகளில் சொன்ன வகையினருக்குத்தான். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், கர்ப்பமாக இருக்கையில் கணவனை இழந்தவர்கள் அல்லது மணவிலக்குப் பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் குன்றியவர்கள், கருவில் கடுமையான குறை கண்டவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள் என அந்தப் பட்டியல் போகும். இருபத்து நான்குக்கு மேல் கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் மட்டும். தாயின் உயிரை உடனே காப்பாற்ற வேண்டிய அவசரத்தில் வாரக் கணக்கே கிடையாது.

இருபது வாரம் என்ற பழைய வரம்பு எவ்வளவு பேரை வதைத்தது என்பதற்கு ஒரு காரணம் சொன்னால் போதும். குழந்தையின் இதயம், மூளை, முதுகெலும்பு எல்லாவற்றையும் பார்க்கிற முழு ஸ்கேன் எடுப்பதே பதினெட்டிலிருந்து இருபதாவது வாரத்தில்தான். குறை தெரிந்து, இன்னொரு டாக்டரிடம் காட்டி உறுதி செய்வதற்குள் சட்டத்தின் கதவு சாத்தியாகிவிடும். 2008இல் மும்பையைச் சேர்ந்த ஒரு தம்பதி, வயிற்றுக் குழந்தையின் இதயத்தில் கடுங்குறை இருப்பதை இருபது வாரத்துக்குப் பின் அறிந்து, தங்கள் மருத்துவர் நிகில் தாதரோடு சேர்ந்து பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். அனுமதி கிடைக்கவில்லை. சில நாட்களில் கரு தானே கலைந்துவிட்டது. நாடு அதைப் பேசியது. பேசிப் பதின்மூன்று ஆண்டு கழித்துச் சட்டம் திருந்தியது.

மருத்துவத்தைப் பொறுத்தவரை ஆரம்ப வாரங்களில் இது சிக்கலான காரியமே இல்லை. மிஃபெப்ரிஸ்டோன் ஒரு மாத்திரை. ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு மிசோப்ரோஸ்டால் நான்கு. முதலாவது கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் ஹார்மோனைத் தடுக்கிறது, இரண்டாவது கருப்பையைச் சுருங்க வைக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இதுவே போதும். மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு உறிஞ்சி எடுக்கும் முறை; சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். சுரண்டி எடுக்கும் ‘டி அண்ட் சி’யைக் கைவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி வெகு காலமாகிறது. நம் நர்சிங் ஹோம்களில் ‘கிளீன் பண்ணிடலாம்மா’ என்று இன்னும் அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பத்திரமாகச் செய்த கருக்கலைப்பால் பிற்பாடு பிள்ளை உண்டாகாமல் போவதில்லை. பிள்ளை வரத்தைக் கெடுப்பது, அரைகுறையாகக் கலைத்து உள்ளே தங்கிப்போனதால் வரும் கிருமித் தொற்று.

2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம் இருக்கும் என்று லான்செட் குழும இதழில் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மருத்துவமனைப் படியே ஏறாமல், மாத்திரையால் நடந்தவை. அது நடக்கும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கடையில் கூட்டம் ஓயும்வரை தள்ளி நின்றுவிட்டு ஒருவன் வருகிறான்.

“அண்ணே, நாள் தள்ளிப்போச்சு, அதுக்கு மாத்திரை இருக்கா?”

“எத்தனை நாளாச்சு?”

“அது தெரியலண்ணே. ஒரு நாப்பது, அம்பது இருக்கும்.”

சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பது இருவருக்கும் தெரியும். விலையில் கொஞ்சம் கூட்டி, காகிதத்தில் சுற்றி, பில் இல்லாமல் கை மாறுகிறது. அவளுக்கு ரத்தம் என்ன வகை, ரத்தசோகை இருக்கிறதா, முந்தைய பிரசவம் சிசேரியனா, எதுவும் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தாலும் வந்தவனுக்குத் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, கரு எங்கே தங்கியிருக்கிறது என்பது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் ஒட்டும். மாத்திரை அதைக் கலைக்காது. அவள் மாத்திரை வேலை செய்கிறது என்று நம்பி வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் குழாய் வெடிக்கும். ஒரு பக்கமாக அடிவயிற்றில் குத்தும் வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி வந்தால் நிற்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, அது அடுத்த மணியிலும் தொடர்ந்தால் அதுவும் அப்படித்தான். ரத்த வகை நெகட்டிவாக இருப்பவள் தடுப்பு ஊசி வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். அந்தக் காகிதப் பொட்டலத்தோடு இவை ஒன்றும் வீட்டுக்குப் போவதில்லை.

சரி, அரசு மருத்துவமனைக்கே போகலாமே என்பீர்கள். போனவள் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, “வீட்டுக்காரர் வரலையாம்மா? கையெழுத்து வேணுமே.” அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், தீபாவளிக்குத்தான் வருவார் என்று அவள் சொன்னால், “அப்ப அவர் வந்ததும் வா.” தீபாவளி மூன்று வாரம் தள்ளி இருக்கும். சட்டம் கேட்பதோ ஒரே ஒரு கையெழுத்து. பதினெட்டு வயது நிரம்பியவளாக இருந்தால் அவளுடையது மட்டும். கணவன், மாமியார், தகப்பன் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. மருத்துவர்கள் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போடக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் எடுத்துச் சொன்னது. ஆனால் கையெழுத்துக் கேட்கும் வழக்கம் போகவில்லை. நாளை அந்த ஆள் வந்து சட்டையைப் பிடிப்பானே என்று மருத்துவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கான விலையைத் தருபவள் அவள். ஏழு வாரத்தில் வந்தவள் பத்தாவது வாரத்தில் திரும்பி வருகிறாள், மாத்திரைக் கட்டம் முடிந்துபோயிருக்கிறது. இன்னும் சில இடங்களில் ‘ஆபரேஷன் பண்ணிக்கிறதா இருந்தா கலைச்சு விடறோம்’ என்ற பேரமும் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அவள் சொல்லும் சம்மதம் வேறு. நெருக்கடியில் பிடுங்கப்படும் சம்மதம் வேறு.

மருத்துவர் ஒருவருக்கு இது மனத்துக்கு ஒவ்வாததாக இருக்கலாம். கத்தோலிக்கராகவோ சமணராகவோ, கொள்கையுள்ள இந்துவாகவோ இருக்கலாம். அவரை வற்புறுத்துவது நியாயமில்லை. ஆனால் தன்னால் முடியாதென்பதையும், யாரால் முடியும் என்பதையும் அதே நாளில் சொல்லிவிட வேண்டும். ‘ரெண்டு வாரம் கழிச்சு வாம்மா, பாக்கலாம்’ என்று மனச்சாட்சியை ஒளித்துவைத்து இழுத்தடிப்பதில் அறம் எதுவும் இல்லை.

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட சிறுமி என்றால் வேறொரு சுவர். போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல் துறைக்குத் தகவல் தந்தாக வேண்டும். காதலித்தவன் வகுப்புத் தோழனாக இருந்தாலும் வழக்கு வழக்குத்தான். போலீஸ் வரும் என்று தெரிந்ததும் குடும்பம் அடுத்த ஊரின் போலி மருத்துவரைத் தேடிப் போகிறது. சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் தகவல் தரும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிடலாம் என்று அதே 2022 தீர்ப்பு வழி செய்தது. இதை அறிந்த பெற்றோரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தத் தீர்ப்பு பிறந்ததே ஒரு தாமதத்திலிருந்துதான். இருபத்தைந்து வயதுப் பெண், மணமாகாதவர். கூட இருந்தவர் கடைசி நேரத்தில் திருமணத்துக்கு மறுத்துவிட்டார். அப்போது இருபது வாரம் தாண்டியிருந்தது. விதிகளின் பட்டியலில் மணமாகாதவர் இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் கைவிரித்தது. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று, தாலி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து இந்தச் சட்டம் பெண்களைப் பிரிக்க முடியாது என்று தீர்த்தது. கணவனின் வன்புணர்ச்சியால் உண்டான கர்ப்பத்தையும் இந்தச் சட்டத்தின் தேவைக்கு வன்புணர்ச்சியாகவே கொள்ள வேண்டும் என்றது.

உரிமை என்றால் கலைக்கும் உரிமை மட்டும் என்று நினைப்பவர்கள் 2009ஆம் ஆண்டுச் சண்டிகர் வழக்கைப் பார்க்க வேண்டும். அரசு காப்பகத்தில் இருந்த, அறிவு வளர்ச்சி சற்றுக் குன்றிய இளம்பெண் அங்கேயே வன்புணர்வுக்கு ஆளாகிக் கர்ப்பமானார். நிர்வாகம் கலைக்கச் சொன்னது, உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நம் வீடுகளில் வேறு சாதிப் பையனோடு போன மகளைத் திருப்பிக் கூட்டி வந்து, ‘செக்கப்’ என்று சொல்லிக் கலைத்துவிடும் கொடுமையும் இதே தட்டில்தான் வரும். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைத்தால் ஆயுள் தண்டனை வரை உண்டு.

தமிழ்நாட்டில் இன்னொரு நிழல் படிந்திருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கமும் சேலம், தருமபுரியிலும் பெண் சிசுக்களைக் கொன்றதும், 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் நம் தலைமுறைக்கு நினைவிருக்கும். பின்னர் கொலை கருவறைக்குள் நகர்ந்தது. ஸ்கேன் அதற்குக் கண் ஆனது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம் சொல்வதைத் தடை செய்தது மிகச் சரி. கருவில் பெண் என்று தெரிந்து அழிப்பதை நான் ஒரு நாளும் உரிமைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் அதை எதிர்க்கிறோம் என்று சொல்லிக் கருக்கலைப்பு மாத்திரை வைத்திருக்கும் கடைகளையெல்லாம் மிரட்டினால், நேர்மையான கடைக்காரர் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிடுகிறார். பொட்டலம் கட்டுபவன் மிஞ்சுகிறான். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரை விழுங்கும் பெண்ணுக்கு உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனே சொல்லாது. அது தெரியப் பன்னிரண்டு, பதின்மூன்று வாரமாவது ஆக வேண்டும். மாத்திரையை மறைப்பதால் பெண் சிசுவுக்கு ஒரு நன்மையும் இல்லை.

அறம் பேசும்போது நம் முன்னோரைத் துணைக்கு அழைப்பது வழக்கம். புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடிய 34ஆம் பாட்டில், மகளிரின் கருவைச் சிதைப்பது பெரும் பாதகங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆனால் அதற்குக் கழுவாய் உண்டு என்றும், செய்ந்நன்றி கொன்றவனுக்கே உய்வில்லை என்றும் அந்தப் பாட்டு போகிறது. லேசான காரியம் என்று அவர்கள் நினைக்கவில்லை. மீளவே முடியாதது என்றும் நினைக்கவில்லை. இந்த இடைநிலையில் நிற்பது இரு தரப்பாருக்கும் பிடிக்காது. எனக்கு அதுதான் நேர்மையாகத் தெரிகிறது.

இடைநிலையில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை 2023 அக்டோபரில் டெல்லி பார்த்தது. இருபத்தேழு வயது, இரண்டு குழந்தைகளின் தாய். இளையதற்கு ஒரு வயது. பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராமல் இருப்பது சகஜம் என்பதால் மூன்றாவது கர்ப்பம் தெரியவே இல்லை. தெரிந்தபோது இருபத்து நான்கு வாரம் ஆகியிருந்தது. அக்டோபர் 9 அன்று நீதிபதிகள் ஹிமா கோலியும் நாகரத்னாவும் அனுமதி தந்தார்கள். மறுநாளே எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார்: கரு உயிரோடு பிறக்க வாய்ப்பு அதிகம், கலைப்பதென்றால் முதலில் அதன் இதயத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தலாமா? 11ஆம் தேதி அதே இரு நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். தம் மனச்சாட்சி இடம் தரவில்லை என்றார் கோலி. முடிவு அந்தப் பெண்ணுடையது என்பதில் உறுதியாக நின்றார் நாகரத்னா. 16ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட்டின் மூவர் அமர்வு அனுமதியை மறுத்தது. அப்போது இருபத்தாறு வாரம் ஐந்து நாள். செலவை அரசு ஏற்கும், விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றது.

நான் அந்த அமர்வில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்ததுண்டு. மறுத்திருப்பேன் என்றே தோன்றுகிறது, நிம்மதியில்லாமல். அந்த இதயத்தை ஊசி போட்டு நிறுத்து என்று ஒரு மருத்துவருக்கு ஆணையிட எனக்குத் துணிவு வராது. ஆனால் மறுத்த பின் என் கோபம் அந்தப் பெண்ணின் மேல் திரும்பாது. ஒரு வயதுக் குழந்தையோடு தடுப்பூசிக்கு வந்து போன தாயிடம், பால் கொடுக்கும்போதும் கரு தங்கும் என்று சொல்லி, காப்பர் டி வேண்டுமா என்று கேட்க வேண்டியவர்கள் எத்தனை பேர்? மனச்சோர்வுக்கு மருந்து எழுதும்போது ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

கலைத்துக்கொண்டவளின் பெயரை மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சேர்த்தது. அது நல்ல காவல். ஆனால் கர்ப்பத்தைப் பதிந்து எண் கொடுப்பதும், கிராம செவிலியர் வீடு தேடி வந்து விசாரிப்பதும் நம் மாநிலத்தில் தாய்மார் சாவைக் குறைத்த நல்ல ஏற்பாடுகள். அதே கண்காணிப்புதான், கலைக்க நினைப்பவளை ‘பதிஞ்சுட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்’ என்று வேறு ஊருக்கு பஸ் ஏறவும் வைக்கிறது. செவிலியர் அக்காவிடம், ‘எனக்கு இது வேண்டாம்க்கா’ என்று ஒருத்தி ஆறாவது வாரத்தில் சொல்ல முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையில் சொன்னவற்றில் பாதி நடந்திருக்காது.

312ஆம் பிரிவு இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு அது. எண் மாறியது, தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி என்ற விளக்கம் அப்படியே வந்துவிட்டது. கர்ப்பத்துக்குக் காரணமானவன் என்ற வகையில் ஆணைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. கருக்கலைப்புச் சட்டத்தில் அவன் ஓரிடத்தில் தலைகாட்டுகிறான்: கருத்தடை சாதனம் பலிக்காமல் போனது பற்றிய விளக்கத்தில். 1971இல் ‘மணமான பெண் அல்லது அவள் கணவன்’ பயன்படுத்திய சாதனம் என்று இருந்தது. 2021இல் ‘பெண் அல்லது அவள் துணைவர்’ என்று மாறியது. மருந்துக் கடை வாசலில் கூட்டம் ஓயக் காத்து நின்றவனுக்கு இந்த விவகாரம் முழுவதிலும் சட்டம் ஒதுக்கியிருக்கும் இடம் அவ்வளவே.